ஒரு தட்டலில் நிரம்பும் பெயர்

கொம்பியூட்டர் வேலை செய்பவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று ஊர் நம்புகிறது. அந்த நம்பிக்கையில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. உண்மையில் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், தேடுவது. தலைமன்னார்ப் பக்கம் ஒரு விடுதியில் இன்டர்நெட் விழுந்துவிட்டதென்று கூப்பிடுவார்கள். போய், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பெட்டியின் முன்னால் நிற்போம். விடுதிக்காரர் அந்தப் பக்கம் திரும்பியதும் போனை எடுத்து, திரையில் வந்த பிழைச் செய்தியை எழுத்துப் பிசகாமல் தேடலில் அடிப்போம். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இன்னொரு அப்பாவி அதே பிழையில் மாட்டிக்கொண்டு எப்போதோ புலம்பியிருப்பான். அவனுக்கு யாராவது பதில் எழுதியிருந்தால் நாங்கள் கெட்டிக்காரர்கள். எழுதாவிட்டால், லைன் குடுக்கிற கொம்பனியின் பிழை என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வருவோம்.

நெட்வேர்க்கைக் கவனிக்கும் மென்பொருளைத் தேடுவது இதைவிடக் கேவலமான வேலை. எந்தெந்த இடத்தில் எந்தப் பெட்டி உயிரோடு இருக்கிறது, எது செத்துக் கிடக்கிறது என்பதை ஒரே திரையில் காட்டுகிற சாமான் அது. தேடும்போது முதலில் 'இலவசம்' என்று அடிப்போம். பிறகுதான் மற்றதெல்லாம். மேலே வருபவை காசு கொடுத்து மேலே வந்தவை. அதற்குக் கீழே 'சிறந்த பத்து' என்று பட்டியல்கள். அந்தப் பத்தில் ஒன்றை விற்கிறவனே அதை எழுதியிருப்பான். முதலாவதாக எது நிற்கிறதோ அவன்தான் ஆள். இப்போது எல்லாவற்றுக்கும் மேலே இயந்திரமே ஒரு பதிலை எழுதி நீட்டுகிறது. எப்போதோ மூடப்பட்ட ஒன்றை வாயாரப் புகழ்ந்திருக்கும். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்துத்தான் இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் என்று போவோம்.

கடைசியில் ஒன்று பிடிபடும். இலவசமாகப் பரீட்சித்துப் பார்க்கலாம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பான். அமத்தினால் ஒரு படிவம் வரும். பெயர் என்ன, பதவி என்ன, எந்தக் கொம்பனி, எத்தனை பெட்டிகள், தொலைபேசி இலக்கம் என்ன. அந்தக் கடைசிப் பெட்டியில்தான் தூண்டில் இருக்கிறது. உங்கள் சொந்த இலக்கத்தை அதில் போட்டீர்களோ, தொலைந்தீர்கள்.

நான் போட்டேன். நானாட்டானிலிருந்து பஸ் ஏறிப் பாலம் கடந்து மன்னார் டவுனுக்கு வேலைக்கு வந்த புதிதில், படிவம் கேட்கிறதே என்று நேர்மையாக என் இலக்கத்தை எழுதினேன். அடுத்த நாள் சென்னையிலிருந்து ஒரு பெடியன் எடுத்தான். இலங்கை இலக்கம் என்றால் தமிழ் தெரிந்தவனிடம் கொடுத்துவிடுவார்கள்போல. "மேடம், டெமோ எப்ப வச்சுக்கலாம் மேடம்?" காலையில் எடுத்தான், பஸ்ஸில் எடுத்தான், எங்கள் வீட்டுச் செத்தவீட்டில் நான் நிற்கும்போதும் எடுத்தான். ஏசினால் சிரித்தான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அடுத்த படிவத்தில் எங்கள் முதலாளியின் இலக்கத்தைப் போட்டுவிட்டேன். ஒரு கிழமை அவருக்கு நிம்மதியே இல்லை. பேங்க் மனேஜரோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது யாரோ அவரிடம் அவருடைய சுவிட்சுகளின் சுகநலம் விசாரித்தார்களாம்.

எங்கள் கொம்பனி பெரிதல்ல. மன்னார்த் தீவில் உள்ள விடுதிகள், மீன் ஏற்றுமதி செய்யும் இடங்கள், பெருநிலத்தில் சில அரசாங்கக் கந்தோர்கள் என்று பல இடங்களுக்கு நெட்வேர்க் பூட்டிக் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறோம். முதலாளி, ஒரு சீனியர், நான். கேபிள் இழுப்பதற்கு அவ்வப்போது வெளியாட்கள். கம்பத்தில் கழுதை வந்து முதுகைத் தேய்த்தால் அன்டெனா திரும்பிவிடும், சோளகக் காற்று அடித்தாலும் திரும்பிவிடும். எங்கே எது திரும்பியது என்று வாடிக்கையாளர் வாயால் ஏச்சு வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ளத்தான் அந்தச் சாமான் வேண்டும். வாங்குவதற்கு முதலாளிக்கு மனம் வராது. ஒன்றின் இலவச காலம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். ஆகவே நாங்கள் தேடிக்கொண்டே இருந்தோம், படிவங்களை நிரப்பிக்கொண்டே இருந்தோம்.

தன் இலக்கத்தைப் போட்டதற்காக முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டுக் கத்தினார். பிறகு சீனியரைக் கூப்பிட்டு, இனிமேல் யாருடைய பெயரையும் போட வேண்டாம், போனவனுடைய பெயரைப் போடுங்கள் என்றார். நாங்கள் தேடப் பாவிக்கிற கொம்பியூட்டர் போனவனுடைய பழைய மெஷின்தான். பெயர்ப் பெட்டியில் முதல் எழுத்தைத் தட்டினால் போதும். அவனுடைய முழுப்பெயர், ஐ.டி. மனேஜர் என்ற பதவி, கொம்பனி, இலக்கம் எல்லாம் தானாக வந்து நிரம்பிவிடும்.

போனவன் என்றால் எனக்கு முன்னால் என் கதிரையில் இருந்தவன். கீரிக் கிராமத்தில் வீடு, மனைவி, ஒரு பெண்குழந்தை. நான் அவனைக் கண்டதே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் சீனியர் சொன்னதுதான், சீனியர் ஒருவரைப் பற்றியும் நல்லதாகச் சொல்லமாட்டார். "ஒரு கேபிளுக்கு ஒழுங்காத் தலை போடத் தெரியாது, அவர் ஐரோப்பாவுக்குப் போய் வெட்டி விழுத்தப்போறாராம்" என்பார். நாடு காசில்லாமல் விழுந்து கிடந்த காலத்தில் ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பிடித்து அவன் புறப்பட்டான். விமானத்தில் ஒரு நாடு, லொறியில் இன்னொரு நாடு, அதற்குப் பிறகு ஐரோப்பாவின் எல்லைக் காடு. காடு கடக்கப்போகிறோம், போன் ஓஃப் ஆகும் என்று மனைவிக்கு ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தானாம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

கந்தோரில் அதுவும் பகிடிதான். புதுச் சாமான் ஒன்றுக்குப் பதியும்போதெல்லாம் சீனியர் முதல் எழுத்தைத் தட்டிவிட்டு, "இஞ்ச இருக்கேக்க ஒரு வேலையும் செய்யாதவன், போனாப்பிறகுதான் சுறுசுறுப்பா இருக்கிறான்" என்பார். முதலாளி தன் கண்ணாடி அறைக்குள்ளிருந்து சிரிப்பார். நானும் இரண்டொரு தரம் சிரித்திருப்பேன். அந்த இலக்கம் அவனோடு போய்விட்ட இலக்கம், எடுத்தால் யாருக்கும் அடிக்காது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். சீனியருக்கு வேறு விஷயம் தெரிந்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவனுடைய மனைவி ஒரு பின்னேரம் கந்தோருக்கு வந்தார். அழுதுகொண்டு வருகிற கோலம் இல்லை. இஸ்திரி போட்ட சாறி, இறுக்கிப் பின்னிய தலை, சண்டைக்கென்றே வெளிக்கிட்டு வந்திருந்தார். கையில் ஒரு பழைய போன். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே முதலாளியின் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்தார். கதவு திறந்தபடியே நின்றதால் எல்லாம் எங்களுக்குக் கேட்டது.

"சேர், அவர் எங்க?"

"ஆர், தங்கச்சி?"

"ஆரோ? என்ர மனுசன். நீங்கள்தான் வேலை குடுத்து ஒளிச்சு வைச்சிருக்கிறியள். எனக்கு ஒண்டும் தெரியாது எண்டு நினைக்கவேண்டாம்."

முதலாளி எழும்பி, இருங்கோ என்று கதிரையைக் காட்டினார். அவர் இருக்கவில்லை.

"அவர் தன்ர சிம்மை என்னட்டத்தான் விட்டிட்டுப் போனவர். பேங்க் மெசேஜ் வரும் எண்டு. அவர் போய்க் கொஞ்ச நாளையில ஒருத்தன் எடுக்கிறான், இந்தியாக்காரன். சார் இருக்காங்களா, நேத்து நம்மகிட்ட பதிவு பண்ணாங்க எண்டு. நான் நடுங்கிப் போனன் சேர். உயிரோட இருக்கிறார் எண்டு மாதாவுக்குப் போய் மெழுகுதிரி கொழுத்தினனான். பிறகு இன்னொருத்தி எடுக்கிறாள். பிறகு இன்னொருத்தன். முந்தநாளும் ஒருத்தன். ஐ.டி. மனேஜராம், கொம்பனி உங்கட கொம்பனியாம். அப்ப எங்கயோ ஒரு கதிரையில இருந்து வேலை செய்யிறார்தானே? அதுகளைப் பதிய நேரம் இருக்கு. பெத்த பிள்ளையோட ஒரு சொல்லுக் கதைக்க நேரம் இல்லை."

முதலாளிக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. அவர் முகத்தில் அது ஓடியதை நான் கண்டேன். கண்ணாடிக்கு வெளியே சீனியரைப் பார்த்தார். சீனியர் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார், உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு விஷயம் பிடிபட்டது. பிறகு நான் கேட்டபோது சீனியர் சாதாரணமாகச் சொன்னார். விற்கிறவன் ஒருவன் கந்தோர் இலக்கத்துக்கு எடுத்து, சாரோட வீட்டம்மா போனை எடுத்து அழறாங்க சார், வேற நம்பர் குடுங்க என்று கேட்டிருக்கிறான். இவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகும் அதே முதல் எழுத்தைத்தான் தட்டினார்.

முதலாளி தொண்டையைச் செருமினார். உண்மையைச் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது இதுதான். "எங்களோட அவருக்கு ஒரு தொடர்பும் இல்லை, தங்கச்சி. ஆனா எங்கயோ நல்லா இருக்கிறார்தானே, அதை நினைச்சுச் சந்தோசப்படுங்கோ. ஆம்பிளையள் அப்பிடித்தான். ஒரு நாளைக்கு வருவார்."

எப்படி வாய் வந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. பொலிசுக்குப் போனால் தன் கொம்பனியின் பெயர் அடிபடும் என்ற பயம். அதற்காக ஒரு மனுசியின் புருசனை உயிரோடு எழுப்பி, அவனை ஒரு கேடுகெட்டவனாக ஆக்கி அவள் கையில் கொடுத்துவிட்டார்.

"நல்லா இருக்கிறார் எண்டு தெரியும், அதாலதான் வயிறு எரியுது" என்றார் அவர். "மெழுகுதிரி எல்லாம் நிப்பாட்டிட்டன். பிள்ளை அப்பா எங்க எண்டு கேட்டது. இன்னொருத்தியோட இருக்கிறார் எண்டு சொல்லிப்போட்டன். பொய்யில்லைத்தானே? அவளே எனக்கு எடுத்தவள், சேர். வெள்ளைக்காரி. உயிர்த்த ஞாயிறு கழிஞ்ச கையோட. அவற்ர பேரைச் சொல்லி, நீ வைஃபோ எண்டு கேட்டாள். நான் விடுவனோ? நோ வைஃப், இனி எடுக்காத எண்டு சொல்லி வைச்சிட்டன். அந்த நம்பரையும் புளொக் பண்ணிட்டன். அவளே வைச்சிருக்கட்டும்."

அதைச் சொல்லும்போது அவர் நிமிர்ந்து நின்றார். இத்தனை காலத்தில் தான் கொடுத்த ஒரே அடி அது என்பதுபோல ஒரு பெருமை. முதலாளி தலையை ஆட்டினார். சரியாகச் சொன்னீர்கள் என்பதுபோலத்தான் எனக்குத் தெரிந்தது.

பிறகு அவர் வெளியே வந்தார். என் மேசைக்கு முன்னால் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுவோ இப்ப அவற்ர கதிரையில இருக்கிறது?" என்று சீனியரிடம் கேட்டார். சீனியர் ஓம் என்றார். "வடிவாத்தான் பிடிச்சு வைச்சிருக்கிறியள். அங்க ஒருத்தி, இஞ்ச ஒருத்தி. இதோடதான் ஒவ்வொரு நாளும் கதைக்கிறாரோ தெரியாது."

கண்ணாலும் காணாத ஒருவனோடு என்னை இணைத்துப் பேசினால் நான் பொறுக்க வேண்டுமா? இரக்கப்பட்டு உண்மையைச் சொன்னவள் என்று யாரும் என்னை எண்ண வேண்டாம். எனக்கு வந்தது கோபம்தான். திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"இஞ்ச வாங்கோ அக்கா. வந்து பாருங்கோ உங்கட மனுசனை."

"பிள்ளை, உன்ர வேலையைப் பார்" என்று முதலாளி உள்ளேயிருந்து சத்தம் போட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று காலையில் தேடி எடுத்த ஒரு படிவம் திரையில் திறந்தபடியே இருந்தது. பெயர்ப் பெட்டியில் முதல் எழுத்தைத் தட்டினேன். பெயர் வந்தது. பதவி வந்தது. இலக்கம் வந்தது.

அவர் குனிந்து பார்த்தார். முகத்தில் இருந்த இறுக்கமெல்லாம் போய்விட்டது. கண் விரிந்தது.

"ஐயோ, எழுதுறார்" என்றார். "அங்க இருந்து எழுதுறார், என்ன? இப்ப எழுதுறார்தானே? நான் இஞ்ச நிக்கிறன் எண்டு சொல்லுங்கோ. தங்கச்சி, சொல்லுங்கோ, கெதியா."

எனக்குக் கோபம் அப்படியே வடிந்துபோயிற்று. ஆனால் தொடங்கியதை விட முடியாது. எல்லாவற்றையும் அழித்தேன். மறுபடியும் அந்த எழுத்தைத் தட்டினேன். மறுபடியும் நிரம்பியது. அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் அவருடைய விரலைப் பிடித்து அந்த எழுத்தின்மேல் வைத்தேன்.

"நீங்களே தட்டுங்கோ."

தட்டினார். புருசனின் பெயர் முழுதாக வந்து நின்றது. அழிக்கச் சொன்னேன், அழித்தார். திரும்பவும் தட்டினார். நான் சொல்லாமலே இன்னொரு தரமும் தட்டினார்.

"அவர் எழுதுறேல்லை அக்கா. மெஷின் ஞாபகம் வைச்சிருக்குது. இந்தச் சாமானுகளைத் தேடி எடுக்கேக்க நம்பர் கேப்பினம். எங்கட நம்பரைக் குடுத்தா ஆக்கினை எண்டு அவற்ர பேரையும் நம்பரையும் குடுக்கிறவை. பதியிறது அவர் இல்லை. இஞ்ச இருந்து நாங்கள்."

அவர் சீனியரைப் பார்த்தார். சீனியர் தண்ணீர் எடுக்கப் போவதுபோல எழும்பிப் போனார்.

"அப்ப முந்தநாள் எடுத்தவன்?"

"அது நாங்கள் பதிஞ்சதுக்கு."

"பிள்ளையின்ர பிறந்தநாள் அண்டைக்கு ஒருத்தன் எடுத்தவனே? நான் பிள்ளையைக் கூப்பிட்டு, அப்பான்ர ஆக்கள் எண்டு போனைக் குடுத்தனான்."

"அதுவும் நாங்கள்தான்."

அவர் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டே போனார். வைத்தியசாலையில் நின்றபோது வந்தது, பெருநாளுக்கு முதல் நாள் வந்தது, இங்கிலிஸில் கதைத்தது, பெண்குரல், ஆண்குரல். எல்லாவற்றுக்கும் நான் அதே பதிலைச் சொன்னேன். ஒவ்வொரு பதிலுக்கும் அவர் அழப்போகிறார் என்று பார்த்தேன். அவர் அழவில்லை. முகம் இளகிக்கொண்டு வந்தது. கடைசியில் சிரித்தே விட்டார்.

"அப்ப அவர் என்னை விட்டிட்டுப் போகேல்லை" என்றார். "எங்கயோ மாட்டுப்பட்டுத்தான் எடுக்காமல் இருக்கிறார். அவர் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை, தங்கச்சி. நான்தான் பாவி, பிள்ளைக்கும் சொல்லிப்போட்டன். போய் மாத்திச் சொல்லவேணும்."

சீனியர் கொண்டுவந்து வைத்த தண்ணீரைக் குடித்தார். செருப்போடு உள்ளே வந்துவிட்டேன் என்று அதற்கு வேறு மன்னிப்புக் கேட்டார். நல்ல காரியம் ஒன்று செய்துவிட்டேன் என்று எனக்கே ஒரு நினைப்பு வந்தது. அவர் போத்தலை மூடிக்கொண்டிருந்தவர், மூடியை அப்படியே பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"அப்ப அந்த வெள்ளைக்காரியும் உங்கட ஆள்தானே?"

ஓம் என்று வாயெடுத்தேன். இந்தச் சாமான் விற்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். சாரைக் கேட்பார்கள், மனேஜரைக் கேட்பார்கள், பட்ஜட் என்ன என்று கேட்பார்கள். நீங்கள் மனைவியா என்று எவனும் கேட்டதில்லை.

"அந்த நம்பர் இருக்கோ அக்கா?"

புளொக் பண்ணிய இலக்கங்களுக்குள் அது கிடந்தது. சென்னை இலக்கமில்லை. அமெரிக்க இலக்கமுமில்லை. முதலில் நாட்டின் குறியீட்டைத் தேடினேன். காடு கடக்கப்போகிறோம் என்று அவன் சொன்ன அந்த எல்லையில் இருக்கிற நாடு. பிறகு முழு இலக்கத்தையும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினேன், அப்படிப் போட்டால்தான் அச்சொட்டாக அதே இலக்கம் உள்ள பக்கத்தை மட்டும் காட்டும். தெரியாத இலக்கங்களைப் பற்றிய குப்பைப் பக்கங்கள் முதலில் வந்தன. அவற்றைத் தள்ளிக்கொண்டு கீழே போனேன். விளங்காத எழுத்தில் ஒரு பக்கம் இருந்தது. மெஷினிடம் கொடுத்து மொழிபெயர்த்தேன். ஒரு சின்ன நகரத்து ஆஸ்பத்திரியின் வார்டுகளின் இலக்கங்கள். அந்த இலக்கம் தீவிர சிகிச்சை வார்டுடையது.

"தேவையில்லாத வேலை, பிள்ளை" என்றார் முதலாளி, இப்போது எனக்குப் பின்னால் நின்றுகொண்டு. நான் என் போனிலிருந்து எடுத்தேன்.

இரண்டு மூன்று பேரிடம் கைமாறிக் கடைசியில் இங்கிலிஸ் தெரிந்த ஒரு தாதி வந்தாள். பெயரைச் சொன்னேன். நீங்கள் யார் என்று கேட்டாள். தெரிந்தவள் என்றேன். குடும்பத்தவரோடு மட்டும்தான் பேசலாம் என்றாள். அக்காவிடம் சொன்னேன். அவர் என் கையிலிருந்து போனைப் பறித்து வாயோடு வைத்துக்கொண்டார்.

"வைஃப்" என்றார். "ஐ வைஃப். ஐ வைஃப்."

பிறகு போனை என்னிடம் தந்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். தாதி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். காட்டில் எல்லைக் காவல்காரர்கள் கண்டெடுத்துக் கொண்டுவந்தார்களாம். குளிரில் இரண்டு காலும் போய்விட்டது. நெஞ்சுக்குள் கிருமி. தொண்டையில் குழாய் போட்டிருந்ததால் பேச்சில்லை. வெகு நாட்களுக்குப் பிறகு கண் திறந்து, தாள் கேட்டு, தன் பெயரையும் ஒரு இலக்கத்தையும் எழுதிக் காட்டினாராம். எழுதினது அவருடைய சொந்த இலக்கம், அக்காவிடம் விட்டுப்போன சிம்முடையது. போன் தொலைந்தால் யாருக்கும் அது ஒன்றுதான் ஞாபகத்தில் இருக்கும். அந்த இலக்கத்துக்குத்தான் அவள் எடுத்திருக்கிறாள். அதற்குப் பிறகு சில நாட்கள்தான் இருந்தார். உரிமை கோர யாரும் இல்லையென்று அந்த ஊர்ச் சேமக்காலையிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். சீனியர் அறையில் இல்லை. முதலாளி கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அக்கா என் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கத்துவார், விழுவார் என்று பயந்து ஒரு கையை அவர் பக்கம் நீட்டியபடி இருந்தேன். அவர் விழவில்லை.

"ஒண்டு கேளுங்கோ" என்றார். "நான் கதைக்கேக்க அவர் எங்க இருந்தவர் எண்டு கேளுங்கோ."

கேட்டேன். தாதியின் பின்னால் ஏதோ மெஷின் விட்டுவிட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பிறகு சொன்னாள். அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான் எடுத்தாளாம். பேசத்தான் முடியாது, கேட்கட்டுமே என்று ஸ்பீக்கரில் போட்டாளாம். ஹலோ என்ற குரல் வந்ததும் அவர் அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்து, ஓம் ஓம் என்று தலையாட்டினாராம். அதனால்தான் நீங்கள் மனைவியா என்று கேட்டாளாம்.

நான் பொய் சொல்லியிருக்கலாம். லைன் தெளிவில்லை, ஒன்றும் விளங்கவில்லை என்று வைத்திருக்கலாம். அதுவரை அத்தனை பேரும் அந்த மனுசிக்குப் பொய்தான் சொல்லியிருந்தார்கள். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் அப்படியே சொன்னேன்.

அவர் கதிரையை இழுத்து மெல்ல அதில் இருந்தார். சாறித் தலைப்பை எடுத்து மடியில் வைத்து விரலால் நீவி நீவி நேராக்கினார்.

"ஓம்" என்றார். "என்ர குரல் அவருக்குத் தெரியும்."